உரசலப்பரின் முத்துகள்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. காடு என்றதும் சிங்கம் ராஜாவாக வரும், நரி மந்திரியாக வரும் என்று காத்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது மீன்களின் கதை. அவற்றுக்கு ராஜா கிடையாது. சொந்தக்காரர்கள் மட்டும் உண்டு. தொல்லைக்கு அதுவே போதும்.

அந்தக் குளத்தில் தங்கபுஷ்பம் என்று ஒரு கெண்டை இருந்தாள். அவள் கணவன் ஐயாக்கண்ணுவும் கெண்டைதான், ஆனால் கெண்டைக்குரிய துள்ளல் அவனிடம் மருந்துக்கும் கிடையாது. விடிந்ததும் அல்லித் தண்டில் சாய்ந்துகொண்டு, "நமக்குன்னு ஒரு நேரம் வரும் புள்ள" என்பான். கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டு. தங்கபுஷ்பத்துக்கு அவன்மேல் கோபம் வராத நாள் கிடையாது. அவன் பக்கத்தில் இல்லாமல் அவளுக்கு ஒரு வாய் பாசி இறங்கிய நாளும் கிடையாது.

ஐயாக்கண்ணுவின் நேரம் ஒரு பாலித்தீன் பையில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல் டாக்டர் ஒருவர் குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினார். கரையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார்கள், தட்டுகளைக் கரைக்கே தானம் செய்தார்கள், பையிலிருந்த தங்கமீனைக் குளத்தில் விட்டார்கள். "ஒரு உயிரை விடுதலை பண்றது எவ்வளவு புண்ணியம்" என்றார் டாக்டர். வீட்டில் மீன் தொட்டி கழுவுகிற ஆள் வேலையை விட்டு நின்றுவிட்டதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

தங்கமீனின் பெயர் பிரின்ஸ். டாக்டரின் காத்திருப்பு அறையில் கண்ணாடித் தொட்டியில் வளர்ந்தவன். ஊர் மீன்கள் சுற்றி நின்று அவன் நிறத்தைப் பார்த்தன. வால் ஓரத்தில் ஒட்டியிருந்த நாலைந்து வெள்ளைப் புள்ளிகளை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. பொன்னைப் பார்க்கிறவன் பொடியையா பார்ப்பான்? ஐயாக்கண்ணுவுக்குத்தான் வேலையே இல்லையே. நாள் முழுக்கப் பிரின்ஸின் பக்கத்திலேயே கிடந்து டி.வி. என்றால் என்ன, ஏ.சி. என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

சில நாளில் ஐயாக்கண்ணுவுக்கு உடம்பெல்லாம் அரித்தது. மீனுக்குக் கை ஏது, சொறிய? குளத்தின் நடு அடியில் ஒரு கருங்கல் கிடந்தது. அதில் போய் விலாவை ஓர் உரசு உரசினான். "ஆகா" என்று அவன் விட்ட பெருமூச்சில் மேலே குமிழி கிளம்பியது. அந்தப் பக்கமாக வந்த விரால் ஒன்று, "என்ன அண்ணே?" என்று கேட்டது.

"என்னன்னு சொல்லத் தெரியலடா. உரசினேன், உள்ளுக்குள்ள ஏதோ குளுந்துபோச்சு."

விராலும் உரசிப் பார்த்தது. விராலின் மச்சான் உரசினான். மச்சானின் சகலை உரசினான். இதற்குள் ஐயாக்கண்ணுவின் உடம்பில் ரவை தூவியதுபோல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் எழும்பியிருந்தன. குளத்தில் மூத்தவர் ஆமையார். அவர் கழுத்தை வெளியே நீட்டி, ஐயாக்கண்ணுவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மை முத்து வார்த்திருக்குப்பா. கல்லுல சாமி இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். கல்லுக்கு உரசலப்பர் என்று பெயர் விழுந்தது. ஆமையார் தர்மகர்த்தாவானார். யார் அவரை நியமித்தது என்று யாரும் கேட்கவில்லை. தர்மகர்த்தாக்கள் எப்போதும் அப்படித்தான் ஆகிறார்கள். நீர்க்கொடியை இழுத்துக் கட்டி வரிசை பிரித்தார். ஒரு பக்கம் பொது தரிசனம். கொசுப்புழு கொண்டுவருகிறவர்களுக்கு இன்னொரு பக்கம் சிறப்பு தரிசனம். டோக்கன் கொடுக்க நத்தையை உட்கார வைத்தார். நத்தை ஒரு டோக்கனை எடுத்து நீட்டுவதற்குள் வரிசை குளத்தின் மறுகரைக்குப் போய்விட்டது. வரிசை நீண்டதைப் பார்த்து, இங்கே என்னவோ இருக்கிறது என்று இன்னும் பலர் வந்து நின்றார்கள்.

உரசியவர்களுக்கு அரிப்பு அடங்கியது. வீட்டுக்குப் போனதும் இரண்டு மடங்காகக் கிளம்பியது. மறுபடி ஓடி வந்தார்கள். போனவர்கள் எல்லாம் திரும்பி வருகிறார்கள் என்றால், ஒரு சாமிக்கு வேறென்ன சான்றிதழ் வேண்டும்?

முத்து அதிகம் வார்த்தவன் ஐயாக்கண்ணு என்பதால் அவனே பூசாரி. இப்போது அவன் அல்லித் தண்டில் சாய்வதில்லை. முதல் வெளிச்சத்தில் எழுந்துவிடுகிறான். வருகிறவர்களை வரிசையாக நிறுத்தி, "இடது விலா, வலது விலா, அப்புறம் வால். தள்ளாதீங்க" என்று அதட்டுகிறான். தங்கபுஷ்பத்துக்கும் ஆரம்பத்தில் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்? 'பூசாரி வீட்டம்மா' என்று கெளுத்திகளே மீசையை ஒதுக்கி வழிவிட்டன. உதவாக்கரை என்று தன் அம்மா சொன்ன மாப்பிள்ளை இன்று ஊருக்கே பூசாரி. அவளுக்குச் செதிள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சிலிர்த்தது.

பிறகு அவள் அவன் செவுளைப் பார்த்தாள். ஓடிக் களைத்தவன்போல அது படபடவென்று அடித்துக்கொண்டது. அவனோ ஓர் இடத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தான். சாப்பாடு இறங்கவில்லை. அடிக்கடி மேலே போய் வாயைப் பிளந்து காற்றை விழுங்கினான்.

"என்னங்க, உங்களுக்கு மூச்சு வாங்குது."

"சாமி உள்ள இறங்குது புள்ள. அப்படித்தான் இருக்கும்."

அந்த வாரமே அயிரைக் கூட்டத்தில் ஒருத்தி வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தாள். "முத்து நிறைஞ்சு போய்ச் சேந்துட்டா, குடுத்து வச்சவ" என்றார் ஆமையார். எல்லோரும் வாலை ஆட்டி ஆமோதித்தார்கள். தங்கபுஷ்பம் மட்டும் ஆட்டவில்லை. இந்தக் கொடுப்பினை தன் வீட்டுக்கு வேண்டாம் என்று அவள் நினைத்தாள். அவளுக்குப் புருஷன் வேண்டும். பூசாரி பட்டம் எக்கேடும் கெட்டுப் போகட்டும்.

அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பிரின்ஸின் வாலிலும் முத்து இருக்கிறதே, அவன் ஏன் ஒருநாள்கூடக் கல் பக்கம் வரவில்லை? தேடிக்கொண்டு போனாள். அவன் அல்லி இலைக்கு அடியில், வெயில் விழுகிற மேல்தண்ணீரில், அடியைத் தொடாமல் தனியாக நின்றிருந்தான்.

"தம்பி, நீ ஏன் சாமி கும்பிட வர்றதில்ல?"

பிரின்ஸ் அவளைப் பார்த்தான். பிறகு வேறெங்கோ பார்த்தான். "ஆன்ட்டி, அங்கிள் மேல இருக்கிற புள்ளி நகருதா?"

"இல்ல. ஒட்டின இடத்துலயே இருக்கு."

"நகர்ந்தா மீன் பேன். நூல் மாதிரி எதாவது தொங்குதா?"

"இல்லப்பா."

"தொங்குனா நங்கூரப் புழு. இது ரெண்டும் இல்ல. ரவை மாதிரி இருக்கு, செவுள் வேகமா அடிக்குது, உரசத் தோணுது. அப்படித்தான?"

"அப்படித்தான். சாமி இறங்குறாருன்னு சொல்றாரு."

"சாமி இல்ல ஆன்ட்டி, பூச்சி. தோலுக்குள்ள பூந்துக்கிட்டு நம்மளத் தின்னும். வயிறு ரொம்புனதும் தானா உதிரும். உதிர்ந்து அடியில எங்கயாவது ஒட்டிக்கும். அங்க சில நாள் கிடந்து ஒண்ணு நூறு நூறா வெடிக்கும். அவ்வளவும் மீனைத் தேடிக் கிளம்பும். மீன் கிடைக்கலன்னா ஓரிரு நாள்ல செத்துரும்."

"அடியிலன்னா எங்கப்பா ஒட்டிக்கும்?"

பிரின்ஸ் குளத்தின் நடுப்பக்கம் பார்த்தான். வாய்திறந்து சொல்லத் தேவை இருக்கவில்லை. கல்லையும், கல்லைச் சுற்றி நின்ற வரிசையையும், வரிசையை ஒழுங்குபடுத்துகிற தன் கணவனையும் தங்கபுஷ்பம் ஒருமுறை மனதில் பார்த்துக்கொண்டாள். பூச்சிக்கு மீன் கிடைக்காமல் போகக் கூடாது என்று ஊரே சேர்ந்து பந்தி வைத்துக்கொண்டிருந்தது. பந்தி விசாரிக்கிறவன் ஐயாக்கண்ணு.

"மருந்து இருக்கா?"

"உப்பும் சூடும்தான். எங்க தொட்டியில ஹீட்டர் இருந்துச்சு. ஆனா தோலுக்குள்ள இருக்கிறவரைக்கும் எந்த மருந்தும் அதைத் தொடாது. உதிர்ந்து வெளிய வந்தப்புறம்தான் சாகும். அங்கதான் எங்க டாக்டர் தப்பு பண்ணாரு. புள்ளி போயிருச்சு, சரியாயிருச்சுன்னு மருந்தை நிறுத்திட்டாரு. என் கூட இருந்தவங்க எல்லாரும் அப்பத்தான் போனாங்க." அவன் குரல் இறங்கியது. "நான் மட்டும் மிஞ்சினேன்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா, கொண்டுவந்தவன் நான்னு தெரிஞ்சுடுமே ஆன்ட்டி."

தங்கபுஷ்பத்துக்கு அவன் வாலைக் கடித்துத் துப்ப வேண்டும்போல இருந்தது. ஆனால் வால் முழுக்கப் பூச்சி என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டாள். பையன் பயந்தும் போயிருந்தான்.

முதலில் அவள் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். ஐயாக்கண்ணு, "சாமியப் பூச்சிங்கிறியே, உனக்கு நல்லதுக்கில்ல" என்றான். அதைச் சொல்வதற்குள் இரண்டு முறை மேலே போய் மூச்சு வாங்கிவிட்டு வந்தான். ஆமையாரோ, "யாரு சொன்னது, அந்தச் சிவப்பனா? அவன் குளத்துத் தண்ணியே இப்பத்தான் குடிக்கிறான். அவன் நமக்குத் தண்ணியப் பத்திச் சொல்றானாக்கும்" என்று தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். அவர் தலையை இழுத்துக்கொண்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அவருக்கு மட்டும் அரிக்கவேயில்லை, ஓடு இருந்தது.

உண்மை விலைபோகவில்லை. தங்கபுஷ்பம் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். மறுநாள் உச்சிவேளையில், வரிசை நிறைந்திருந்த நேரமாகப் பார்த்து, கல்லுக்கு முன்னால் போய் நின்றாள். பிறந்ததிலிருந்து பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் துடுப்பெல்லாம் நடுங்கியது. அந்த நடுக்கமே அருள் வந்ததுபோல இருந்தது. அதைப் பார்த்து முன்வரிசை கும்பிட்டுவிட்டது.

"உரசலப்பர் என் கனவுல வந்தாரு" என்றாள்.

மீனுக்கு இமை கிடையாது, கண்ணை மூடாதவளுக்குக் கனவு எப்படி வரும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"நடையைச் சாத்தச் சொல்றாரு. அவரு யானையோட பாதத்துக்குப் போறாராம். முத்து வார்த்தவுங்க, வார்க்காதவுங்க, குஞ்சு குளுவான் எல்லாரும் பின்னாடியே வரணுமாம். அவரு திரும்பி வர்றவரைக்கும் ஒருத்தரும் குளத்துல இருக்கக் கூடாதாம்."

"நடையைச் சாத்துனா கோயில் என்னத்துக்கு ஆகும்?" என்றார் ஆமையார். கொசுப்புழு நின்றுபோவதை நினைத்து அவர் கண் உள்ளே போயிருந்தது.

தங்கபுஷ்பம் அவர் பக்கத்தில் போய், "பாத யாத்திரை போயிட்டு வந்த சாமிக்கு மவுசு கூடுமா, குறையுமா? பெரியவரு நீங்களே சொல்லுங்க" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஆமையாரின் தலை மெல்ல வெளியே வந்தது. காலே இல்லாத கூட்டத்துக்கு அவர் அன்றைக்கே பாத யாத்திரை அறிவித்தார்.

யானையின் பெயர் பெரியநாயகம். மான்களுக்காக வனத்துறை காட்டில் உப்புக் கட்டி போட்டிருந்தது. பெரியநாயகம் அதைத் தினமும் நக்கி, மிதித்து, காலெல்லாம் உப்புச் சேறாகக் குளத்துக்கு வருவார். தங்கபுஷ்பம் கரையோரம் தலையை நீட்டி, "அண்ணே, உங்க காலு வேணும்" என்றாள்.

"எதுக்குத் தாயி?"

அவள் சொன்னாள். வெயில் விழுகிற கரையில் அவர் அழுத்தி மிதித்து நடக்க வேண்டும். ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் விட வேண்டும். மீன்களைத் தும்பிக்கையில் அள்ளி அதில் விட வேண்டும். தினமும் ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு மாற்ற வேண்டும். உதிர்ந்தவை பழைய தடத்திலேயே கிடந்து உப்பிலும் சூட்டிலும் சாகும்.

"இதென்ன தாயி, எனக்கு மீன் தூக்குற வேலையா?"

"ஊரே உங்க காலைக் கும்பிடக் காத்திருக்கு அண்ணே."

பெரியநாயகத்தின் காது ஆடுவதை நிறுத்தியது. "காலையா? எங்க வம்சத்துல இதுவரைக்கும் தலையைத்தான் கும்பிட்டிருக்காங்க." கொஞ்சம் யோசித்தார். "சரி, எந்தக் காலை முதல்ல வைக்கணும்?"

இப்படித்தான் யாத்திரை தொடங்கியது. கெண்டையும் விராலும் கெளுத்தியும் அயிரையும் தும்பிக்கைக்குள் உறிஞ்சப்பட்டு, இருட்டில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, 'உரசலப்பா' என்று கத்திக்கொண்டு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பொத்தென்று விழுந்தன. பிரின்ஸும் விழுந்தான். முதல் பாதம், இரண்டாம் பாதம் என்று ஆமையார் கரையில் நடந்தபடியே ஒவ்வொரு தடத்துக்கும் தலபுராணம் சொன்னார். நடக்கத் தெரிந்த ஒரே யாத்ரீகர் அவர்தான்.

ஐயாக்கண்ணுவின் நிலைமை மோசமாகத்தான் இருந்தது. முதல் தடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே மிதந்தான். தங்கபுஷ்பம் விலாவுக்கு அடியில் தன் முதுகைக் கொடுத்து அவனைத் தாங்கிக்கொண்டு நின்றாள். "எனக்கு ஒண்ணு ஆயிட்டா, பூசாரிப் பட்டம் விரால் வீட்டுக்குப் போயிராமப் பாத்துக்க" என்றான் அவன். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "பேசாம மூச்சு விடுங்க, அது போதும்" என்றாள்.

நாலு தடம் தாண்டியதும் அவன் உடம்பிலிருந்து முத்துகள் உதிரத் தொடங்கின. அடுத்த தடத்தில் உடம்பு வழுவழுவென்று ஆகிவிட்டது. செவுள் அடங்கியது. பசிக்கிறது என்றான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் அவள் இத்தனை நாள் காத்திருந்தாள். ஆனால் அவன் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் அவளுக்கு உயிர் போய் வந்தது.

"முத்து இறங்கிருச்சு. நான் குளத்துக்குத் திரும்பிப் போறேன். நடையைத் திறக்கணும்."

"போகக் கூடாது."

"அதான் இறங்கிருச்சே."

பல் டாக்டர் மருந்தை நிறுத்திய கட்டத்தில் ஊரே வந்து நின்றது. எல்லா மீனும் ஐயாக்கண்ணுவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் போனால் எல்லோரும் போவார்கள். கல்லில் ஒட்டியிருப்பவை இன்னும் முழுக்க வெடித்துச் சாகவில்லை. தங்கபுஷ்பம் இன்னொரு பொய்யைத் தேடினாள். முதல் பொய்தான் கஷ்டம், இரண்டாவது தானாகவே வருகிறது.

"முத்து இருக்கிறப்ப இருந்தது நோன்பு இல்லங்க. முத்து இறங்குனப்புறம்தான் நோன்பே ஆரம்பிக்குதுன்னு சாமி சொன்னாரு. அது முடியறதுக்கு முன்னாடி கல்லைத் தொட்டா, தொட்டவனுக்கு இந்த ஜென்மத்துல மறுபடி முத்து வார்க்காதாம்."

ஐயாக்கண்ணு திடுக்கிட்டு வாலைச் சுருட்டிக்கொண்டான். சாவுக்குப் பயப்படாதவன் அதற்குப் பயந்தான். பெரியநாயகம் பின்னும் பல தடம் மிதித்தார். அவர் கால் சலித்துப்போனபோது குளத்தில் ஒட்டியிருந்த பூச்சிகள் ஒரு மீனும் கிடைக்காமல் பட்டினியில் ஒழிந்திருந்தன.

ஊர் திரும்பியது. நடை திறந்தது. ஐயாக்கண்ணு முதல் ஆளாகக் கல்லில் உரசினான். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு முறை உரசினான். அரிக்கவேயில்லையே, என்ன சுகம் தெரியும்? கல் வெறும் கல்லாக இருந்தது. மெல்ல மெல்ல வரிசை கலைந்தது. நத்தை டோக்கனை நீட்டியபடியே உறங்கிப்போனது. ஆமையார் ஓட்டுக்குள்ளேயே குடியிருந்தார். ஐயாக்கண்ணு பழையபடி அல்லித் தண்டில் சாய்ந்தான்.

"என் முத்தையெல்லாம் தொலைச்சுட்டியே புள்ள" என்று மட்டும் சொன்னான். உடம்பு தேறி, வயிறு நிறைந்து, நல்ல குரலில் சொன்னான். தங்கபுஷ்பத்துக்கு அந்தக் குரல் போதுமாக இருந்தது. மன்னிப்பை அவள் எதிர்பார்க்கவில்லை.

இந்த நேரத்தில் பிரின்ஸுக்கு மனசாட்சி உறுத்தியது. ஊரைக் கூட்டி, நடுவில் நின்று, "அதெல்லாம் பூச்சி. கொண்டுவந்தது நான்தான். என்னை என்ன வேணா பண்ணுங்க" என்றான். தங்கபுஷ்பம் அவனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். இவனை உயிரோடு விடமாட்டார்கள் என்று நினைத்தாள்.

ஆமையாரின் தலை மெல்ல வெளியே வந்தது.

"முத்தைக் கொண்டுவந்தது நீயா?"

"ஆமாங்க."

"அப்ப மூலவர் நீங்கதானா சாமி?" என்று கேட்டு, ஆமையார் நாலு காலையும் விரித்து விழுந்து கும்பிட்டார்.

பிரின்ஸ், "ஐயோ, அப்படி இல்லங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். திறந்த வாயில் யாரோ கொழுத்த கொசுப்புழு ஒன்றை ஊட்டிவிட்டார்கள். அவன் மென்றான். தொட்டியில் அவனுக்குக் கிடைத்ததெல்லாம் டப்பாத் தீனி. விழுங்கிவிட்டு, கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "வரிசையில வாங்க" என்றான்.

வரிசை வந்தது. எல்லோரும் அவன்மேல் உரசினார்கள். அரிப்பு மட்டும் வரவில்லை. மூலவருக்குச் சக்தி குறைந்துவிட்டது என்று பேச்சுக் கிளம்பிய வேளையில், கரையில் ஒரு கார் வந்து நின்றது. வேறொரு குடும்பம், தக்காளி சாதம், அதே புண்ணியம். பையிலிருந்து நீண்ட துடுப்போடு ஒரு வெள்ளை மீன் குளத்தில் இறங்கியது. அதன் விலாவில் பச்சை நூல்போல ஒன்று தொங்கியது.

தங்கபுஷ்பம் பிரின்ஸைப் பார்த்தாள். பிரின்ஸ் அந்த நூலைப் பார்த்தான். அது என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். ஊரே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உற்சவர் வந்துட்டாரு" என்றான் பிரின்ஸ்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் வரிசை கூடிவிட்டது. முதல் ஆளாக ஐயாக்கண்ணு நின்றான். எத்தனையோ நாள் கழித்து அவன் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. தங்கபுஷ்பம் அவனைக் கூப்பிடவில்லை. நேரே கரையோரம் போய்த் தலையை நீட்டினாள்.

"அண்ணே, மறுபடி கொஞ்சம் மிதிக்கணும்."

பெரியநாயகம் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். "இந்தத் தடவை எந்தக் கனவு தாயி?" என்று கேட்டார்.

நீதி: அரிப்பைத் தீர்த்து வைத்தவரை ஊர் ஒரே வாரத்தில் மறந்துவிடும், அரிப்பைக் கொண்டுவந்தவருக்குக் கோயில் கட்டும். ஆகவே, ஊருக்கு ஏதேனும் நல்லது செய்ய நினைப்பவர்கள் முதலில் ஒரு யானையைச் சிநேகம் பிடித்து வைத்துக்கொள்ளவும்.